டேப்லெட்டா, ஆப்பா, குரூப்பா, பொது அறையா? எங்கள் மலை ஊரின் 38 பிள்ளைகளுக்காக ஒரு கணக்கு

கையில் இருப்பது ஒன்றரை லட்சம் ரூபாய். வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் அனுப்பியது, எஸ்டேட்காரர் ஒருவர் கொடுத்தது, திருவிழாக் கணக்கில் மிச்சம் விழுந்தது, எல்லாம் சேர்த்து. ஊர் ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற பக்கம், மெயின் ரோட்டை விட்டு உள்ளே இறங்குகிற சின்ன ஊர். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் 38 பேர். நம் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் தொட்டுப் படிக்கட்டும் என்பதில் ஊரில் ஒருவருக்கும் மறுப்பு இல்லை. பணத்தை எதில் போடுவது என்று வந்தபோதுதான் ஊர் நான்காகப் பிரிந்தது.

நான் சேலத்தில் நாலு ரோடு பக்கம் லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறேன். அம்மா இன்னும் மேலேதான் இருக்கிறார், அதனால் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மேலே இருப்பேன். "மிஷினைப் பத்தித் தெரிஞ்சவன் நீதான், நீ சொல்லு தம்பி" என்று கூட்டத்தில் கேட்டார்கள். அங்கே சொன்னதையும், சொல்ல நேரம் இல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கல்ராயன் மலையிலோ கொல்லிமலையிலோ, ஏன், சேலம் டவுனுக்குள்ளேயே ஒரு தெருவிலோ இதே கேள்வியோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் உதவலாம்.

முதலில் எங்கள் ஊர் நிலவரம். நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரைக்கும் காப்பிப் பழம் பறிப்பு, அதோடு ஒட்டி மிளகு. அந்த மாதங்களில் அப்பா அம்மா இரண்டு பேருமே காட்டில்தான் இருப்பார்கள், திரும்ப ஐந்து மணி ஆகும். சிக்னல் ஊருக்குள் கிடையாது, மேற்கே உள்ள பாறை மேல் ஏறினால் இரண்டு கோடு காட்டும். மழை பிடித்தால் சில்வர் ஓக் மரம் ஒன்று கம்பி மேல் சாய்ந்துவிடும், கரண்ட் வர ஒரு நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். இருட்டின பிறகு காட்டெருமை தோட்டத்துக்குள் இறங்கும், அதனால் ஆறரைக்கு மேல் பிள்ளைகளைத் தனியே அனுப்ப யாருக்கும் மனசு வராது. கீழே அடிவாரத்தில் உட்கார்ந்து திட்டம் போடுகிறவர்கள் கணக்கில் எடுக்காதது இந்த நான்கு விஷயத்தைத்தான். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த நான்கையும் அது தாங்கியாக வேண்டும்.

ஆளுக்கு ஒரு டேப்லெட் என்பதற்குத்தான் கூட்டத்தில் பெரிய கைதட்டல். காரணம் புரிகிறது, பிள்ளை கையில் பளபளவென்று ஒன்று இருந்தால் பெற்றவர்களுக்கு அது கண்ணுக்குத் தெரிகிற நன்மை. ஓரளவு உருப்படியான டேப்லெட் ஒன்பதாயிரம் என்று வைத்துக்கொண்டாலும் நம்மிடம் உள்ள பணத்துக்கு 16தான் வரும். மீதி 22 பிள்ளைகள்? குலுக்கல் போடலாம் என்றார் ஒரு மாமா. ஒரே திண்ணையில் விளையாடுகிற பிள்ளைகளைக் குலுக்கல் போட்டுப் பிரிக்கிற காரியத்தை நம் ஊரில் நாமே செய்ய வேண்டாம் என்று நான் சொன்னேன், இப்போதும் அதையேதான் சொல்வேன்.

சரி, பணம் இருந்து 38 பேருக்கும் வாங்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். கொரோனா சமயத்தில் வெளியூரிலிருந்து ஓர் அமைப்பு வந்து எங்கள் ஊரில் பத்து டேப்லெட் கொடுத்துவிட்டுப் போனது, போட்டோ எடுத்தார்கள், பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது மூன்றுதான் ஓடின. அதில் ஒன்றை அம்மா வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் பார்த்தேன்: மேல் கண்ணாடி மூலையிலிருந்து மூலைக்கு விரிசல், விரிசலில் கை கிழிக்காமல் இருக்க அகலமான செல்லோடேப், சார்ஜ் ஏறுகிற இடம் ஆடிப்போய்விட்டதால் வயரை ஒரு கோணத்தில் வளைத்து அம்மிக்கல்லுக்கு அடியில் செருகி வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளை அதை எவ்வளவு பத்திரமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டாள் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. நூறு ரூபாய்ச் சாமான், அரை மணி நேர வேலை. ஆனால் அதை எடுத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வர ஒரு நாள் கூலி போகும், அதனால் வரவில்லை. கொடுத்தவர்களும் திரும்ப வரவில்லை.

எங்கள் ஊரில் மட்டும் நடந்த கதை இல்லை இது. பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்ற பெரிய உலகத் திட்டம் 2005ல் அறிவிக்கப்பட்டது, நிக்கோலஸ் நெக்ரோபான்டே என்பவர் முன்னின்று நடத்தியது. பெரு நாடு அதை லட்சக்கணக்கில் வாங்கியது. அங்கே 319 கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் நடத்திய ஆய்வு 2012ல் வெளிவந்தது. பிள்ளைகளிடம் கம்ப்யூட்டர் கூடியிருந்தது, உபயோகிக்கவும் செய்தார்கள், ஆனால் கணக்கிலும் மொழிப் பாடத்திலும் முன்னேற்றம் ஏதும் தென்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் ஏற்பாடு பண்ணாமல் பொருளை மட்டும் கொடுத்தால் மலை எதுவானாலும் இதுதான் கதி என்பது என் எண்ணம்.

காசு கட்டிச் சேர்கிற படிப்பு ஆப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு வருடம் மூவாயிரத்து ஐந்நூறு என்று மலிவாகவே போட்டாலும் 38 பேருக்கு ஒரு லட்சத்து முப்பத்து மூவாயிரம், அதுவும் ஒரு வருடத்துக்கு மட்டும், அடுத்த வருடம் மறுபடி வசூல். இதில் போனும் சிக்னலும் தனி. கீழே அம்மாபேட்டையில் இருக்கிற என் சித்தி மகனிடம் இப்படி ஒரு கம்பெனி ஆள் வீட்டுக்கே வந்து பேசிப் பேசிக் கையெழுத்து வாங்கியதில் மாதத் தவணைக் கடனாக அது மாறிப்போய், பிள்ளை இரண்டாம் மாதமே பார்ப்பதை விட்ட பிறகும் தவணை நிற்கவில்லை. தறி ஓட்டிச் சம்பாதிக்கிற வீடு அது. பாட வீடியோ வேண்டும் என்றால் அரசின் மணற்கேணி ஆப் 2023ல் வந்தது, ஒன்றாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை நம் பாடப்புத்தகத்துக்கே தமிழில் வீடியோ, இலவசம். புத்தகத்தில் அச்சடித்திருக்கிற கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணினாலும் பாடம் வரும். 2019லிருந்து கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. பாடத்துக்குப் பஞ்சமே இல்லை, அதனால் இந்த வழியைக் கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் ஓரம் கட்டிவிட்டோம்.

வாட்ஸ்அப் குரூப் போதும், அது இலவசம், அதிலேயே வாத்தியார்கள் பாடம் போடட்டும், பணத்தை அப்படியே பேங்கில் போடலாம் என்றது மூன்றாவது கட்சி. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கொரோனாவில் பள்ளிக்கும் வீட்டுக்கும் இருந்த ஒரே கயிறு அதுதான். நாளைக்குப் பள்ளி உண்டா, பஸ் வருமா, எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், எல்லாம் அதில்தான் ஓடுகிறது. ஆனால் குரூப்பில் இருப்பது பெரும்பாலும் அப்பாக்களின் நம்பர். போன் அவர்களோடு தோட்டத்துக்குப் போய்விடும், மாலையில் வீட்டுக்கு வரும்போது சார்ஜ் இருக்காது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள் பலருக்கு வாய்ஸ் மெசேஜ் மட்டும்தான் புரியும், அதை வைத்துப் பாடம் நடத்த முடியாது. போன் கிடைத்த நேரத்தில் பிள்ளை என்ன பார்க்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். 2024 அசர் அறிக்கை, நாடு முழுக்க கிராமங்களில் வீடு வீடாகப் போய் எடுப்பது, அதில் ஸ்மார்ட்போன் உபயோகிக்கத் தெரிந்த 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் முந்தைய வாரம் படிப்புக்காக ஸ்மார்ட்போனைத் தொட்டவர்கள் 57 சதவீதம், சோஷியல் மீடியாவுக்காகத் தொட்டவர்கள் 76 சதவீதம் என்று இருக்கிறது. பிள்ளைகளைக் குற்றம் சொல்ல மாட்டேன், தனியாகப் போனும் கையுமாக விட்டால் நாம் என்ன பார்ப்போமோ அதைத்தான் அவர்களும் பார்ப்பார்கள்.

குரூப் வேண்டும். ஆனால் அது ஊருக்குச் சேதி சொல்கிற தண்டோரா, அதற்கு மேல் பாரம் ஏற்றினால் தாங்காது.

இப்போது நான்காவது வழி. நான் நிற்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கிற ஓர் அறை இருக்கிறது, 2006ல் ஆரம்பித்த அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஊராட்சி நூலகம் கட்டினார்களே, அந்த வகைக் கட்டிடம். அலமாரியும் கொஞ்சம் புத்தகமும் உள்ளே இருக்கின்றன, எடுத்து நடத்த ஆள் இல்லை. அந்த அறையில் ஆறு பழைய லேப்டாப், ஒரு இன்வெர்ட்டர், மாலையில் பிள்ளைகளோடு இருக்க ஓர் அக்கா. இவ்வளவுதான் திட்டம்.

ஐந்தாறு வருடம் ஏதாவது ஆபீஸில் ஓடிய லேப்டாப்புக்கு பழைய டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி மாற்றி, ராம் என்கிற நினைவகத்தை ஏற்றி, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் இயங்குதளம் போட்டால் இன்னும் நான்கு வருடம் தாராளமாக ஓடும், ஒன்று பன்னிரண்டாயிரம் ஆகும், ஆறுக்கு 72,000. இன்வெர்ட்டரும் பேட்டரியும் 22,000. ஒரு ரௌட்டர், ஒரு ஹார்ட் டிஸ்க் 8,000. அக்காவுக்கு மாதம் 3,000 என்று ஒரு வருடத்துக்கு 36,000. கூட்டினால் 1,38,000, மீதி 12,000 ரூபாய் ரிப்பேருக்கு. இது நான் தினமும் வாங்கி விற்கிற விலையில் போட்ட கணக்கு, டேப்லெட்டுக்குப் போட்டது போலக் குத்துமதிப்பு இல்லை. இதிலும் குறையலாம், ஏனென்றால் 2011லிருந்து அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் நாலைந்து வீட்டு டிரங்குப் பெட்டியில் துணிக்கடியில் தூங்குகின்றன. போன மாதம் இரண்டைத் திறந்து பார்த்தேன், பேட்டரி செத்துவிட்டது, கீல் உடைந்திருக்கிறது, போர்டு நன்றாகவே இருக்கிறது. அக்கா படித்த மிஷினில் தம்பி படிப்பான்.

ரௌட்டர் எதற்கு, ஊரில்தான் நெட் இல்லையே என்று கேட்டார்கள். நெட் இல்லாததால்தான். பாட வீடியோக்கள், கணக்குப் பயிற்சி, ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளக் கிடைக்கிற தமிழ்ப் படக்கதைகள் எல்லாவற்றையும் நான் சேலத்தில் வைத்து ஹார்ட் டிஸ்க்கில் நிரப்பி ஞாயிற்றுக்கிழமை மேலே கொண்டுவந்துவிடுவேன். ஒரு லேப்டாப்பில் அதை ஏற்றிவிட்டால் ரௌட்டர் வழியாக மற்ற ஐந்திலும் அது தெரியும், பாறை மேல் ஏறத் தேவையில்லை. இணையம் இல்லாத இடங்களுக்கென்றே கோலிப்ரி என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, பாடங்களை அடுக்கிவைத்து எந்தப் பிள்ளை எதுவரை வந்திருக்கிறது என்று காட்டும்.

ஆறு மிஷினுக்கு 38 பேரா என்ற கேள்வி வந்தது. பாதிப் பேர் திங்கள் புதன் வெள்ளி, பாதிப் பேர் செவ்வாய் வியாழன் சனி, அப்போது ஒரு லேப்டாப்புக்கு மூன்று பிள்ளைகள். இது பணம் இல்லாததால் செய்கிற சமரசம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று பேர் ஒரு திரை முன்னால் உட்கார்ந்தால் பேசியாக வேண்டும், "இருடா, அதை அழுத்தாதே, முதல்ல கீழே இருக்கிறதைப் படி" என்று ஒருத்தி சொல்வாள், அடுத்தவன் ஏன் என்று கேட்பான், படிப்பு பாதி அங்கேதான் நடக்கிறது.

1999ல் டெல்லி கால்காஜியில், சேரியை ஒட்டிய சுவரில் ஓட்டை போட்டு அதில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துவிட்டு, சொல்லித்தர யாரும் இல்லாமல் பிள்ளைகள் தாங்களாகவே என்ன கற்கிறார்கள் என்று பார்த்தார் சுகதா மித்ரா. அதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். அவரே பிறகு நம் தமிழ்ப் பிள்ளைகளிடம் செய்த சோதனையைத்தான் நான் கூட்டத்தில் சொன்னேன். காளிக்குப்பம் என்ற கிராமம். உயிரித் தொழில்நுட்பப் பாடம், அதுவும் ஆங்கிலத்தில், கம்ப்யூட்டரில் போட்டு வைத்துவிட்டார்கள். தமிழ் மட்டும் பேசுகிற பிள்ளைகள், யாரும் சொல்லித்தரவில்லை, ஆனாலும் கொஞ்ச நாளில் பரீட்சையில் நூற்றுக்கு 30 மதிப்பெண் அளவுக்கு வந்துவிட்டார்கள். அதற்கு மேல் ஏற ஒரே ஒரு மாற்றம்தான் செய்தார். பிள்ளைகளுக்குப் பழக்கமான ஒரு இளம்பெண்ணை, அந்தப் பாடம் சுத்தமாகத் தெரியாதவரை, பின்னால் நின்று பாராட்டவும் கேள்வி கேட்கவும் மட்டும் சொன்னார், ஒரு பாட்டி செய்வது மாதிரி. மதிப்பெண் 50 அளவுக்குப் போனது. 2010ல் இது ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது.

இதை நான் நம்புவதற்குக் கட்டுரை தேவைப்படவில்லை. போன தைக்கு மேலே போயிருந்தபோது என் லேப்டாப்பில் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் நீர்ச்சுழற்சி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா களத்தில் மிளகைக் காய வைத்துவிட்டு வந்து அவன் பின்னால் உட்கார்ந்தார். என் அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். "அந்த அம்புக்குறி எதுக்குடா மேல போகுது?" என்றார். அவன் நிறுத்திவிட்டுச் சொன்னான். "அப்போ நம்ம மலையில காலையில எந்திரிக்கிற மூடுபனி, அதுவும் இதுதானா?" அவனுக்குப் பதில் தெரியவில்லை, வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓட்டினான். மூன்று தடவை ஓட்டினான். மடியில் இருந்த மிளகுக் காம்பைக் கிள்ளிக்கொண்டே அம்மா மூன்று தடவையும் கூட இருந்து பார்த்தார். என்னிடம் படித்துக் காட்ட வைத்திருந்தால் அவன் ஒரு தடவையோடு ஓடியிருப்பான்.

அதனால்தான் அந்த அறையில் தினமும் இரண்டு அம்மாக்கள் முறை வைத்து உட்கார வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பாடம் தெரிய வேண்டியதில்லை. பூ கட்டிக்கொண்டோ, காய் நறுக்கிக்கொண்டோ உட்காரலாம், நடுவில் "அது என்னது?" என்று கேட்டால் போதும்.

அக்காவுக்கு மாதம் 3,000 ரூபாய் வீண் செலவு என்று ஒரு குரல் வந்தது. ஒரு வருடத்துக்கு ஆகிற அந்தப் பணத்துக்கு இன்னும் மூன்று லேப்டாப் வாங்கலாம் என்றார்கள். அப்படியானால் டேப்லெட் கதைதான் மறுபடியும். டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து மாலை நேர மையங்கள் நடந்தன, 2019ல் அந்த ஆய்வு வந்தது, நான்கரை மாதத்தில் பிள்ளைகள் கணக்கிலும் இந்தியிலும் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். அங்கே ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், பாதி நேரம் கம்ப்யூட்டர், பாதி நேரம் ஒருவர் சின்னக் குழுவாக உட்கார வைத்துச் சொல்லித்தருவது. நம் மாநிலத்திலேயே 2021ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் கம்ப்யூட்டரே முக்கியம் இல்லை, தெருவில் உள்ள அக்காக்கள் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் மாலையில் உட்கார்ந்து சொல்லித்தந்தார்கள். கொரோனாவில் விட்டுப்போனதைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பள்ளி திறந்த பிறகு எவ்வளவு பிடித்தார்கள் என்று கணக்கிட்ட ஆய்வில், மீண்டதில் ஏறக்குறைய கால் பங்கு அந்தத் திட்டத்தால் என்று வந்தது. எங்கள் ஊரிலும் அப்போது ஒரு பெண் எடுத்தாள், டிகிரி முடித்தவள், இப்போதும் ஊரில்தான் இருக்கிறாள். பிள்ளைகள் அவளைப் பார்த்தால் ஓடி வருவார்கள். அவளிடம் கேட்டோம், சரி என்றிருக்கிறாள்.

இந்த வழியிலும் ஓட்டைகள் உண்டு. அவளுக்குக் கல்யாணம் ஆகி வேறு ஊர் போய்விட்டால்? அதனால் பிளஸ் ஒன் படிக்கிற இரண்டு பிள்ளைகளை இப்போதே கூட நிற்க வைத்துப் பழக்க வேண்டும். சாவி ஒரே ஆளிடம் இருந்தால் அவர் வீட்டில் ஒரு சாவு, ஒரு சண்டை என்றால் அறை பூட்டியே கிடக்கும், நம் ஊரில் பொதுக் காரியம் கெடுவது பாதி சாவியால்தான். இரண்டு சாவி, ஒன்று அக்காவிடம், இன்னொன்று பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற அம்மா ஒருவரிடம். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஏற்கெனவே இருக்கிற குழுவை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு சங்கம் ஆரம்பித்தால் அதற்குத் தலைவர் யார் என்பதிலேயே ஆறு மாதம் போய்விடும்.

எனக்கு உண்மையிலேயே பதில் கிடைக்காதது, கீழ்க்கொட்டாய் என்று தள்ளியிருக்கிற குடியிருப்பின் பிள்ளைகள் விஷயம். ஏழு பிள்ளைகள், இரண்டு கிலோமீட்டர், நடுவில் தோட்டம், காட்டெருமை வருகிற பாதை. அறையை நாலரைக்குத் திறந்து ஆறு மணிக்கு மூடினாலும் டிசம்பரில் அவர்கள் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். பெரியவர் ஒருவர் டார்ச்சோடு கூட்டிப்போகிறேன் என்றார், ஒரு வாரம் செய்வார், வருடம் முழுக்க முடியுமா? மழை மாதத்துக்கும் பறிப்பு மாதத்துக்கும் மட்டும் இரண்டு டேப்லெட்டில் பாடத்தை நிரப்பி அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் வைக்கலாம், அந்த ஏழு பேரும் சேர்ந்தே பார்க்கட்டும், சனிக்கிழமை பகலில் எல்லாரும் அறைக்கு வரட்டும் என்று பேசியிருக்கிறோம். அதற்கு ஆகிற பதினெட்டாயிரத்தில் பன்னிரண்டாயிரம் ரிப்பேர்ப் பணத்திலிருந்தும், மீதி டிரங்குப் பெட்டி லேப்டாப்புகள் உயிர் பெற்றால் மிச்சமாவதிலிருந்தும். கை இருப்பு சுத்தமாகத் துடைத்துப் போய்விடும், ரிப்பேர்க் கூலி என் கணக்கு.

இன்னொன்று, என் சொந்த ஆசை. பெரிய பிள்ளைகளுக்குத் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகையில் தட்டச்சு பழக்கிவிட்டு, சேர்வராயன் கோயில் பற்றியும் மலைச் செடிகள் பற்றியும் ஊர்க் கிழவிகள் சொல்கிறதை அவர்களையே கேட்டுப் பதிவு பண்ணி எழுத வைக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் கீழேயிருந்து மேலே போகிற பாடம் மட்டும் இருந்தால் பற்றாது, மேலேயிருந்தும் ஏதாவது இறங்க வேண்டும்.

கூட்டத்தில் கடைசியாகக் கை தூக்கச் சொன்னபோது அறைக்கு 31 கை, டேப்லெட்டுக்கு ஒன்பது. ஒன்பது பேரில் மூவர் பிறகு அறைக்கு வெள்ளையடிக்க வருகிறோம் என்றார்கள். வரும் ஞாயிறு ஊராட்சியில் அனுமதிக் கடிதம் வாங்குவது, மறு ஞாயிறு சுவரில் ஒழுகல் பார்ப்பது, அதற்கு அடுத்த வாரம் முதல் இரண்டு லேப்டாப்பை நான் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஏற்றுவது என்று முடிவு. சேலத்தில் ஆபீஸ் வைத்திருக்கிறவர்கள் யாராவது பழைய லேப்டாப்பைக் கழிக்கிறீர்கள் என்றால் உங்களுக்குப் பக்கத்தில் இப்படி ஓர் அறை எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். கொடுக்கும்போது சார்ஜரையும் சேர்த்தே கொடுங்கள், அதைத் தேடி வாங்குவதில்தான் எங்களுக்கு எப்போதும் காசு போகிறது.